எம்.ஏ. படிக்க எங்கே போவது?

பி.ஏ. பரீட்சை முடிவு வந்துவிட்டது. பிள்ளை பாஸ்! வீட்டில் பாயசம் கொதிக்கிறது. தெருவெல்லாம் பெருமை.

மறுநாள் காலையில் கேள்வி பிறக்கிறது: "அடுத்து என்ன?"

"எம்.ஏ. படிக்கிறேன்" என்கிறது பிள்ளை. "படிக்கட்டுமே" என்கிறார் அப்பா. "அது சரி, எங்கே?" என்கிறார் அம்மா.

அந்த "எங்கே"க்கு ஆளுக்கு ஒரு பதில்! பெரியப்பாவுக்குச் சென்னையை விட்டால் வேறு ஊர் இல்லை. "வீட்டில் இருந்தபடியே தபாலில் படிக்கலாமே" என்கிறார் மாமா. அத்தையோ ஒரு விளம்பரத்தை எடுத்து நீட்டுகிறார். அதில் பளபளப்பான கட்டிடம்; அதற்கு மேல் "ஏ பிளஸ் பிளஸ்" என்று கொட்டை எழுத்து.

யார் சொல்வது சரி?

இஞ்சினீயர் படிப்புக்கும் டாக்டர் படிப்புக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தமிழ், வரலாறு, பொருளாதாரம், ஆங்கிலம், சமூகவியல் போன்ற கலைப் பாடங்களில் மேல் படிப்புக்கு வழி சொல்ல ஆள் குறைவு. அதனால், எம்.ஏ.க்கு இடம் தேடுவது பல வீடுகளில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதையாக இருக்கிறது.

தவறினால் நஷ்டம் சிறியது அல்ல. இரண்டு வருடம் போகும். பணம் போகும். சில சமயம், கையில் வாங்கிய பட்டமே வேலைக்குச் செல்லாது என்று ஆகிவிடும்!

முதல் கேள்வி: எதற்காக?

"எங்கே" என்று கேட்பதற்கு முன்னால் "எதற்காக" என்று கேட்க வேண்டும்.

கலெக்டர் ஆகவேண்டும், குரூப் 1 பரீட்சை எழுதவேண்டும் என்பவர்களுக்கு எம்.ஏ. கட்டாயம் இல்லை. ஏதேனும் ஒரு பட்டம் போதும். "ஐ.ஏ.எஸ். எழுத எம்.ஏ. வேண்டும்" என்று இன்னும் பல ஊர்களில் நம்புகிறார்கள். அது சரியல்ல.

மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக விரும்பினால், எம்.ஏ.யோடு பி.எட். பட்டமும் வேண்டும். பி.ஏ.யில் ஒரு பாடம், எம்.ஏ.யில் வேறு பாடம் என்று மாற நினைப்பவர்கள், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்பு ஒன்றை முதலில் எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

கல்லூரியில் பாடம் சொல்ல விரும்புகிறவர்கள் 55 என்ற எண்ணை மனதில் எழுதி வைத்துக் கொள்ளவேண்டும். எம்.ஏ.யில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வசதி மிகுந்த பிரிவில் சேராத பிற்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம். அதற்கு மேல் நெட் என்ற அகில இந்தியப் பரீட்சையோ, செட் என்ற மாநிலப் பரீட்சையோ தேறவேண்டும். உதவிப் பேராசிரியர் வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி இதுதான் என்று யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக் கழக மானியக் குழு 2023 ஜூலையில் விதித்தது.

2024ஆம் வருடம் இன்னொரு மாறுதல் வந்தது. டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் சேரவும் நெட் மதிப்பெண்ணை வைத்துக் கொள்ளலாம் என்று யு.ஜி.சி. அறிவித்தது. நெட்டில் முன்னணியில் வந்து உதவித் தொகைக்குத் தேறியவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கதவு!

ஆகவே எம்.ஏ. என்பது வெறும் இரண்டு வருடப் படிப்பு அல்ல. நெட் பரீட்சைக்குப் போகும் பாதையும் அதுதான். அந்தப் பாதையில் எந்த இடம் கை கொடுக்கும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எத்தனை வகை வாசல்கள்?

தமிழ் நாட்டில் எம்.ஏ. படிக்க வாசல்கள் பல.

பக்கத்து ஊரில் உள்ள அரசாங்கக் கலைக் கல்லூரி ஒன்று. அரசாங்க உதவி பெறும் பழைய கல்லூரி இன்னொன்று. இவற்றில் கட்டணம் குறைவு, வீட்டுச் சாப்பாடு, பஸ்ஸில் போய் வரலாம்.

பல்கலைக் கழகத்தின் சொந்தத் துறைகள் மூன்றாவது வாசல். சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929இல். மதுரையில் 1966இல். கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் இரண்டும் 1982இல். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் 1990இல்.

நான்காவது, மத்திய அரசாங்கத்தின் பல்கலைக் கழகங்கள். திருவாரூரில் 2009இல் ஒன்று அமைந்தது. புதுச்சேரியில் 1985 முதல் ஒன்று உண்டு. ஐதராபாத், டில்லி என்று வெளியூர்களிலும் உண்டு.

ஐந்தாவது, தனியார் பல்கலைக் கழகங்கள். ஆறாவது, வீட்டில் இருந்தே படிக்கும் தொலைநிலைக் கல்வியும் இணைய வழிக் கல்வியும்.

முந்திச் சாத்தும் கதவு

இவற்றில் மத்தியப் பல்கலைக் கழகங்களின் கதவுதான் சீக்கிரம் மூடிவிடுகிறது. அது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

பி.ஏ. முடிவு வருவது மே, ஜூன் மாதங்களில். மாநிலக் கல்லூரிகள் அதற்குப் பிறகுதான் எம்.ஏ. விண்ணப்பம் வாங்குகின்றன. மத்தியப் பல்கலைக் கழகங்களோ 2022 முதல் கியூட் என்ற பொது நுழைவுப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கின்றன. 2024இலும் 2025இலும் எம்.ஏ.க்கான அந்தப் பரீட்சை மார்ச் மாதத்தில் நடந்தது. விண்ணப்பம் அதற்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே!

அதாவது, மூன்றாம் வருடம் பி.ஏ. படிக்கிற பிள்ளை மார்கழி மாதத்திலேயே விழித்துக் கொள்ளவேண்டும். பட்டம் வாங்கியபின் யோசிக்கலாம் என்றால், ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மொழிப் பாடங்கள் நீங்கலாக, அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ் வழியில் வரலாறு படித்த பிள்ளை, தெரிந்த விடையைக்கூடக் கேள்வி புரியாமல் விட்டுவிடக் கூடும். முன்கூட்டியே ஆங்கிலச் சொற்களைப் பழகிக் கொள்ளாமல் போய் உட்கார்ந்து பயன் இல்லை.

பட்டம் செல்லுமா?

அடுத்தது, பட்டம் செல்லுமா என்ற விஷயம். இதில் அசட்டை கூடாது.

1956ஆம் வருடத்து யு.ஜி.சி. சட்டப்படி, மத்திய சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக் கழகமும், நிகர்நிலை அந்தஸ்து பெற்ற நிறுவனமும், பட்டம் தரப் பாராளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனமும்தான் பட்டம் கொடுக்கலாம். மற்றவர்கள் கொடுப்பது காகிதம்! போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணைய தளத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியது இல்லை.

தொலைநிலைக் கல்வியில் இன்னும் கவனம் தேவை. முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணைய வழிப் பட்டமும், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் யு.ஜி.சி. தெளிவாகச் சொன்னது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக் கழகத்துக்கு இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கு இருக்கவேண்டும். அந்த வருடத்துக்கு இருக்கவேண்டும்.

பழைய பெயர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா? 2022 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15ஆம் வருடம் வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று யு.ஜி.சி. பகிரங்கமாக அறிவித்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் வீட்டில் எல்லாம் திகில்! சிதம்பரத்திலேயே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்த அறிவிப்பால் பாதகம் இல்லை. ஒரே பெயர்தான், ஆனால் படிப்பின் வகை வேறு, அதனால் கதியும் வேறு!

"ஒரே வருடத்தில் எம்.ஏ." என்ற விளம்பரங்களும் வருகின்றன. நான்கு வருடப் பட்டப் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருட எம்.ஏ. என்று 2024இல் யு.ஜி.சி. திட்டம் வகுத்தது வாஸ்தவம். தமிழ் நாட்டில் வழக்கமாக உள்ள பி.ஏ. மூன்று வருடம். மூன்று வருடம் படித்தவர்களுக்கு எம்.ஏ. இரண்டு வருடம்தான்.

பட்டத்தின் பெயரையும் பார்க்கவேண்டும். புதுமையான பெயரில் சில இடங்களில் எம்.ஏ. தருகிறார்கள். படிப்பு நல்லதாகவே இருக்கலாம். நாளைக்கு அரசாங்க வேலைக்குப் போகும்போது, "இது வரலாற்றுப் பட்டத்துக்குச் சமமா?" என்ற கேள்வி எழும். சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட்டால் பின்னால் அலைச்சல் இல்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசாங்க வேலைகளில் 20 சதவீத இட ஒதுக்கீடு 2010ஆம் வருடச் சட்டத்தால் கிடைத்தது. பள்ளிக்கூடம் முதல் அந்த வேலைக்குரிய படிப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020ஆம் வருடத் திருத்தம் சொல்கிறது. எம்.ஏ. தகுதி கேட்கும் வேலை என்றால் எம்.ஏ.யும் தமிழ் வழியில் இருக்கவேண்டும். ஆங்கில வழிக்கு மாறுவதால் லாபமும் உண்டு, இந்த நஷ்டமும் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

கிரேடும் ரேங்கும்

சரி, அத்தை காட்டிய "ஏ பிளஸ் பிளஸ்" என்ன ஆயிற்று?

கல்லூரிகளைப் பரிசீலித்துத் தரம் கொடுக்க 1994இல் நாக் என்ற அமைப்பு ஏற்பட்டது. மத்திய அரசாங்கம் 2016 முதல் ரேங்க் பட்டியல் ஒன்றும் வெளியிட்டு வருகிறது. இரண்டும் உபயோகம்தான். ஆனால் இவை முழு நிறுவனத்துக்கும் போடும் மார்க். தமிழ்த் துறைக்கு என்ன மார்க், வரலாற்றுத் துறைக்கு என்ன மார்க் என்று அவற்றில் கிடையாது.

ரேங்க் பட்டியலில் இஞ்சினீயரிங், மருத்துவம், சட்டம், மருந்தியல் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. வரலாற்றுக்கோ இலக்கியத்துக்கோ தனிப் பிரிவு இல்லை! ஆய்வுக் கூடங்களாலும் காப்புரிமைகளாலும் மேலே வந்த நிறுவனத்தில் தமிழ்த் துறை எப்படி இருக்கும் என்பதை அந்த ரேங்க் சொல்லாது.

2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அதனால் எல்லாத் தரமும் பொய் என்று ஆகிவிடாது. எழுத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது என்பதுதான் பாடம்.

பெயர்ப் பலகையா, வாத்தியாரா?

பெரியப்பா சொன்ன சென்னைக்கு வருவோம்.

சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு வரலாற்றுப் படிப்பில் பெரும் பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது? 1929 முதல் 1946 வரை அங்கே பேராசிரியராக இருந்தவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர். அவரைப் போன்றவர்கள் அங்கே உட்கார்ந்து உழைத்ததால் வந்த பெயர் அது.

ஆக, ஒரு துறையின் பெருமை அங்கே பாடம் சொல்கிறவர்களைப் பொறுத்தது. அவர்கள் ஓய்வு பெற்று, அந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால் பெயர் மட்டும் வாசலில் தொங்கும்.

இன்று மாநிலப் பல்கலைக் கழகங்களுக்குச் சோதனைக் காலம். சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தரின் பதவிக் காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. புதியவரை நியமிப்பது, அரசாங்கத்துக்கும் ஆளுநருக்கும் நடந்த தகராறில் சிக்கிக் கொண்டது. 2024 பிப்ரவரியில், வரி பாக்கிக்காக வருமான வரி இலாகா அந்தப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. தலையும் இல்லை, பணமும் முடக்கம் என்றால் புது ஆசிரியர்களை நியமிப்பது எப்படி?

இதனால் அங்கே சேரவே கூடாது என்று அர்த்தம் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலும் நல்ல ஆசிரியர்கள் நிறைந்த துறைகள் இருக்கலாம். சின்ன ஊர்க் கல்லூரியிலும் ஒரு மாணிக்கம் இருக்கலாம். பல்கலைக் கழகத்தைப் பார்த்தால் போதாது, துறையைப் பார்க்கவேண்டும். இதுதான் முக்கியமான சங்கதி.

துறையை எப்படிப் பார்ப்பது?

நேரில் போய்விடுவதே மேல். ஒரு நாள் பஸ் செலவு, இரண்டு வருட வருத்தத்தைத் தடுக்கும். அப்பாவோ அண்ணனோ கூடப் போகலாம். கேட்கவேண்டிய கேள்விகள் நாலைந்துதான்.

துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர்களில் திறமைசாலிகள் பலர் உண்டு. ஆனால் அவர்கள் நிலையாக அங்கே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

போன இரண்டு மூன்று வருடத்தில் இந்தத் துறையிலிருந்து எத்தனை பேர் நெட், செட் தேறினார்கள்? நல்ல துறை இதைப் பெருமையாகச் சொல்லும். மழுப்பினால் புரிந்து கொள்ளலாம்.

நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சான்றிதழும் பட்டமும் காலத்தில் கைக்கு வருகிறதா? இவற்றை ஆபீசில் கேட்பதைவிட, மர நிழலில் நிற்கும் இரண்டாம் வருட மாணவர்களிடம் கேட்பது நல்லது. உள்ளது உள்ளபடி வரும்!

நேரில் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நாட்டின் பல பல்கலைக் கழகங்களின் டாக்டர் பட்ட ஆராய்ச்சிகள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. துறையின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த ஆசிரியர் எதில் வல்லவர், அவரிடம் என்ன ஆராய்ச்சி நடந்தது என்று தெரிந்துவிடும். செல்போன் ஒன்று போதும்.

ஊரும் ஒரு வாத்தியார்

கலைப் படிப்புக்குச் சோதனைச் சாலை எது? நூலகம்தான்! ஆகவே எந்த ஊர் என்பதும் கவனிக்கத் தக்கது.

எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சட்டப்படி அங்கே வரவேண்டும். அதே எழும்பூரில் ஆவணக் காப்பகம் உண்டு. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். தஞ்சையில் சரஸ்வதி மகாலும் 1981இல் ஏற்பட்ட தமிழ்ப் பல்கலைக் கழகமும் இருக்கின்றன. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் சாதாரணக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், படிக்கிற பிள்ளைக்கு அது லாபம்தான்.

செலவுக் கணக்கு

முதல் தவணையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டவேண்டும்.

அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதே என்று நினைக்கலாம். அது பி.ஏ.யோடு நின்றுவிடும். அந்த ஆயிரத்தையும் இனி வீடுதான் ஈடு கட்டவேண்டும்.

கல்விக் கடன் வாங்கலாமா? கலைப் பாடத்தில் எம்.ஏ. முடித்த உடனே வேலை என்பது நிச்சயம் இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வட்டி ஓடிக் கொண்டிருக்கும். ஆகவே, குறைந்த கட்டணத்தில் நல்ல துறை கிடைக்கும்போது, பளபளப்பான கட்டிடத்துக்காக லட்சக் கணக்கில் கடன் வாங்குவது விவேகம் ஆகாது.

ஓர் இடத்தில் பணம் கட்டியபின் அதைவிட நல்ல இடம் கிடைத்தால்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக் கொள்ளக் கூடாது என்று 2018இலேயே யு.ஜி.சி. உத்தரவு போட்டது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. 2024-25ஆம் கல்வி வருடத்தில், செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுப் பணமும் தரவேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் கடைசித் தேதியை விசாரித்து வைத்துக் கொள்ளலாம்.

பெண் படிக்கப் போகிறாள்

பல வீடுகளில் பெண்ணின் எம்.ஏ. என்றால், "கல்யாணம் ஆகும் வரை சும்மா இருப்பானேன்" என்ற எண்ணம். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார்கள். அவள் விரும்பிய பாடம் அங்கே இல்லாவிட்டால், இருக்கிற பாடம்!

பெண்ணைத் தூரத்துக்கு அனுப்பப் பெற்றோருக்குப் பயம் இருப்பது இயற்கை. அதற்கு மருந்து, விடுதியை நேரில் பார்த்து வருவது. அங்கே இருக்கும் பெண்களிடம் தாயார் உட்கார்ந்து பேசுவது. விடுதி சரியாக இருந்தால் தூரம் ஒரு தடையாக இருக்கக் கூடாது. மாதம் 37,000 ரூபாய் உதவித் தொகை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்!

தூரம் முடியவே முடியாது என்றால், பக்கத்துக் கல்லூரியில் அவள் விரும்பும் பாடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் இல்லை என்றால், அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்பில் அவளுடைய பாடத்திலேயே சேர்க்கலாம். பிடிக்காத பாடத்தில் தள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெரியப்பா சொன்ன சென்னையும் சரியாக இருக்கலாம். மாமா சொன்ன தபால் படிப்பும் சரியாக இருக்கலாம். அத்தை காட்டிய கல்லூரியும் நல்லதாகவே இருக்கலாம். படிப்பு எதற்காக, பட்டம் செல்லுமா, பாடம் சொல்ல ஆள் இருக்கிறார்களா, மொத்தச் செலவு எவ்வளவு என்ற நான்கு கேள்விகளையும் அந்த மூன்று இடங்களுக்கும் போட்டுப் பார்க்கவேண்டும். நான்குக்கும் நல்ல பதில் தருகிற இடம் எதுவோ, அங்கே தைரியமாகப் பணம் கட்டலாம்.